மூத்தம்மாமாரின் பெயர்கள்

(பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





பெண் பிள்ளைக்குப் பெயர் வைப்பதைப் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் எங்களைக் கேட்டார்கள். எங்கள் வகுப்புத் தோழிகளில் அநேகமானோர் இப்போது மூத்தம்மாமார். பேத்தி பிறந்த வீட்டில் ஏழாம் நாளுக்குள் நடக்கும் வாதங்களையெல்லாம் கேட்டவர்கள். ஆகவே அவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்தே பேசுகிறோம்.

நமது பாடசாலையின் பழைய சேர்வு இடாப்பைப் புரட்டினால் எப்படியான பெயர்கள் வரும்? ஆசியா உம்மா, கதீசா உம்மா, அவ்வா உம்மா, றகுமத்தும்மா, சுலைகா உம்மா. இவை அரபுப் பெயர்கள். நம் ஊரார் வாயில் பழகி வந்தவை. ஹவ்வா அவ்வாவானார், பாத்திமா பாத்தும்மாவானார். இன்னொரு வகை முத்தும்மா, சீனி உம்மா, பொன்னும்மா. இவை அப்படியே தமிழ். நமக்கு வடக்கே பெரியநீலாவணையிலும் தெற்கே பாண்டிருப்பிலும் செல்லம்மா, தங்கம்மா என்று வைத்தார்கள். நாம் அம்மா இருந்த இடத்தில் உம்மாவை வைத்தோம். "தொட்டிலில் கிடக்கிற பிள்ளை எப்படி உம்மாவாகும்?" என்று இளையவர்கள் சிரிக்கிறார்கள். செல்லம்மாவும் தொட்டிலில் கிடந்தவர்தானே! அது அன்புக்கும் மரியாதைக்கும் பெயரோடு சேர்த்த சொல்.

இப்போதைய இடாப்பு வேறு மாதிரி. முதலில் பாத்திமா, பிறகு கேட்க இனிமையான ஒரு பெயர். பாத்திமா என்பது நபிகளாரின் அருமை மகளின் பெயர். அதை வைப்பது பரக்கத்து. ஆனால் எழுதும்போது அது 'எப்.' என்று ஓர் எழுத்தாகச் சுருங்கிவிடுகிறது. ஒரே வகுப்பில் பத்துப் பிள்ளைகளுக்கு அந்த 'எப்.' இருக்கிறது. கூப்பிடும் பெயரோ வாப்பாவின் பெயரில் பாதியும் உம்மாவின் பெயரில் பாதியும் ஒட்டிச் செய்ததாக இருக்கும். புதுப் பெயர்கள் மீது எங்களுக்குக் கோபமில்லை. அழகான பெயரைத் தேடுவது பெற்றோரின் ஆசை. ஆனால் அந்தத் தேடலில் யாருடைய பெயர் விடுபட்டுப் போகிறது என்பதைத்தான் நாங்கள் கவனிக்கிறோம்.

அண்மையில் எங்கள் தோழி ஒருவரின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். பிறந்த பிள்ளைக்கு உம்மாவைப் பெற்ற மூத்தம்மாவின் பெயரான ஆசியா என்பதை வைக்க விரும்பினார்கள். இரண்டு மறுப்புகள் வந்தன. ஒன்று, "பழைய பெயர், மற்றப் பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள்." மற்றது பெரியது: "அந்தப் பெயருக்குக் கருத்துப் பிழை. நபிகளார் அதை மாற்றியிருக்கிறார்கள்."

இரண்டாவது மறுப்பைக் கேட்டதும் வீடு அமைதியாகிவிட்டது. மௌத்தாகும் வரை தஸ்பீஹைக் கையில் வைத்திருந்த ஒரு மனுஷியின் பெயரே பிழை என்றால், கேட்பவர்களுக்கு எப்படி இருக்கும்?

விஷயம் இதுதான். உமர் (ரலி) அவர்களின் மகள் ஒருவருக்கு இருந்த பெயரை நபி (ஸல்) அவர்கள் ஜமீலா என்று மாற்றியதாக ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் உண்டு. அந்தப் பழைய பெயர் அய்ன், ஸாத் எழுத்துகளால் ஆனது. மாறு செய்பவள் என்று பொருள். நம் மூத்தம்மாமாரின் ஆசியா அதுவல்ல. அது அலிபும் ஸீனும் கொண்டது. பிர்அவ்னின் மனைவியான ஆசியா (அலை) அவர்களின் பெயர். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. குழப்பம் தமிழ் எழுத்தில் இருக்கிறதே தவிர, மூத்தம்மாவின் பெயரில் இல்லை.

அந்த ஆசியா யார்? அத்தனை பெரிய அரசனின் மாளிகையில் இருந்துகொண்டு, சுவர்க்கத்தில் தனக்கொரு வீடு கட்டித் தரும்படி அல்லாஹ்விடம் கேட்டவர். திருக்குர்ஆனின் 66ஆம் அத்தியாயம் அவரை ஈமான் கொண்டவர்களுக்கு உதாரணமாகக் காட்டுகிறது. மகளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுப்பதற்காக ஆயுள் முழுவதும் பாடுபடுகிற நம் ஊர்ப் பெண்களுக்கு இதைவிட நெருக்கமான பெயர் வேறென்ன? கீழக்கரையில் 19ஆம் நூற்றாண்டில் பிறந்து, ஞானப் பாடல்கள் பாடிய செய்யிது ஆசியா உம்மாவுக்கும் இதே பெயர்தான்.

'பழசு' என்கிற மறுப்புக்கும் பதில் உண்டு. சித்திலெவ்வை அவர்கள் கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை திறந்தபோது, அதற்குப் பொறுப்பாக நின்றவர் அவருடைய சகோதரி முத்து நாச்சியா. இன்று அந்தப் பெயரை ஒரு பிள்ளைக்கு வைத்தால் சிரிப்பார்கள். ஆனால் இந்த மண்டபத்தில் நாம் இத்தனை பேர் படித்தவர்களாக அமர்ந்திருப்பதற்கு முன்னோடி அந்தப் பெயருக்கு உரியவர். இங்கிலாந்தில் ஐவி, எல்சி, பிளாரன்ஸ் என்ற பாட்டிமார் காலத்துப் பெயர்கள் இப்போது குழந்தைகளுக்குத் திரும்ப வந்திருக்கின்றன. பழசு என்பது ஒரு தலைமுறையின் எண்ணம்; அடுத்த தலைமுறை வேறு விதமாக எண்ணும்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மருதமுனையில், இந்தக் கரையோர ஊர்கள் எல்லாவற்றிலும்போல, குடி உம்மா வழியில் வருகிறது. வீடு மகளுக்குப் போகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். ஆனால் பெயரின் முன்னால் நிற்கும் எழுத்துகளோ வாப்பாவினுடையவை, அவருடைய வாப்பாவினுடையவை. அது மார்க்கம் காட்டிய வம்ச முறை. அதில் எங்களுக்குப் பேச்சில்லை. ஆயினும் குடியைத் தந்து, வீட்டைத் தந்து, நூல் சுற்றிக் கிடைத்த காசில் எங்களைப் படிப்பித்த மூத்தம்மாவின் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறது? பேத்திக்கு வைத்தால்தான் உண்டு.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது கரையோர வீடுகளோடு படங்களும் பத்திரங்களும் போய்விட்டன. மூத்தம்மாவின் ஒரு படம்கூட இல்லாத வீடுகள் நம் ஊரில் உண்டு. அப்படியான வீட்டில் பெயர் ஒன்றுதான் மிச்சம்.

எங்கள் தோழியின் பேத்திக்கு ஆசியா என்றே பெயர் வைத்தார்கள். உம்மாவைச் சேர்க்கவில்லை, முன்னால் பாத்திமா இருக்கிறது. வாப்பாவின் பக்கத்தாருக்கும் சந்தோஷம். பழைய பெயர் வைப்பதென்றால் அதை முழுமையாகத்தான் வைக்க வேண்டும் என்றில்லை. பழைய பெயரோடு புதிய பெயரொன்றைச் சேர்த்து வைக்கலாம்.

இளம் உம்மாமாருக்கு மூன்று விஷயங்கள் சொல்கிறோம். முதலாவது, பெயரின் பொருளைக் கேட்கும்போது அரபு எழுத்தில் எழுதிக் காட்டிக் கேளுங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரண்டாவது, பதிவாளரிடம் போகுமுன் ஆங்கில எழுத்துகளை முடிவு செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், சாதாரண தரப் பெறுபேற்றில் இன்னொரு விதம் என்றால் பிள்ளைதான் அலைய வேண்டும். மூன்றாவது, அது யாருடைய பெயர் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லி வளருங்கள். பகிடி பண்ணுகிறவர்களுக்குப் பதில் சொல்ல அதுவே பிள்ளைக்குத் துணை.

முடிவாக ஒரு வேண்டுகோள். மண்டப வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். ஒவ்வொருவரும் உங்கள் உம்மா, அவருடைய உம்மா, அவருடைய உம்மா என்று தெரிந்தவரை பெயர்களை எழுதிவிட்டுப் போங்கள். மூன்றாவது பெயர் தெரியாவிட்டால் இன்றே வீட்டுக்குப் போய் மூத்தவர்களிடம் கேளுங்கள். சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சங்கம் அவற்றைப் பத்திரப்படுத்தும். இனிப் பேத்திக்குப் பெயர் தேடுகிறவர்கள் முதலில் அந்தக் கொப்பியைப் பார்க்கட்டும்.

மறைந்த நம் மூத்தம்மாமாருக்கு அல்லாஹ் சுவர்க்கத்தில் வீட்டைக் கொடுப்பானாக. ஆமீன்.