கிண்ணத்தில் இருக்கும் துவர்ப்பு

தமிழ்நாட்டில் இருக்கிறது கல்வராயன் மலை. அங்கே மலையாளிப் பழங்குடி மக்கள் காட்டில் கடுக்காய் பொறுக்குகிறார்கள். ஐந்து வரி ஓடிய, பழுப்பு நிறக் காய். வீட்டில் அதை எப்படிப் பயன்படுத்துகிறோம்? தட்டி, கொட்டையை எறிந்துவிடுகிறோம். தோலைத்தான் எடுத்துக்கொள்கிறோம். துவர்ப்பு தோலில் இருக்கிறது.

துருக்கியிலும் கிரேக்கத்திலும் ஓக் மரத்தில் ஒரு வகை உண்டு. அதன் காய் ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். கிண்ணம் முழுக்கச் செதில் செதிலாக இருக்கும். அங்கேயும் இதே கதைதான். தோல் பதனிடுபவர்களுக்குக் காயைவிடக் கிண்ணம்தான் முக்கியம். துவர்ப்பு கிண்ணத்தில் இருக்கிறது.

அந்தத் துவர்ப்புக்கு டானின் என்று பெயர். கடுக்காயை ஒரு துளி நாக்கில் வையுங்கள். வாய் சுருக்கென்று இழுக்கும். எச்சிலில் உள்ள புரதத்தை டானின் பிடித்துக்கொள்கிறது. மாட்டுத் தோலிலும் அதே வேலைதான். புரதத்தை இறுகப் பிடிக்கிறது. தோல் அழுகாமல் நிற்கிறது. இப்படிப் பதனிட, நம் நாட்டுக் கடுக்காயும் அந்த ஓக் கிண்ணங்களும் ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போயின. காட்டில் குனிந்து அவற்றைப் பொறுக்கிய கைகளை நினைத்தால் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது. இன்றைக்கும் அது கடினமான வேலை. நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கும்போது, எந்த மலையிலிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.