முள்வேலிக்குள் பிறந்த பயிற்சி

மனம் களைத்தவனை நோக்கி, "சற்றே ஓய்ந்திரு" என்று சொல்வது உலக வழக்கம். ஆனால், ஓய்வைத் தவிர வேறொன்றும் இல்லாதவனுடைய மனமும் நைந்துபோகக் கூடும் என்பதை முதலாம் உலக மகாயுத்தக் காலத்துத் தடுப்பு முகாம்கள் காட்டின.

1914ஆம் ஆண்டில் யுத்தம் மூண்டபோது பிரித்தானியாவிலே தங்கியிருந்த ஜேர்மானியர் ஆயிரக்கணக்கில் பகைநாட்டார் எனத் தடுத்துவைக்கப்பட்டனர். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடைப்பட்ட கடலிற் கிடக்கும் மான் தீவிலே, நொக்கலோ என்னுமிடத்தில், மரக் குடில்கள் வரிசை வரிசையாக எழுந்தன. ஒரு கட்டத்தில் 20,000க்கும் மேற்பட்ட ஆடவர் அங்கே அடைபட்டிருந்தனர். அவர்கள் போர் வீரர் அல்லர். உணவுச்சாலைப் பணியாளர், முடிதிருத்துவோர், மாலுமிகள், வியாபாரிகள். உண்ண உணவும் படுக்க இடமும் இருந்தன. எனினும் அவர்களுட் பலருக்கு உறக்கம் கெட்டது. அற்ப விடயங்களுக்கெல்லாம் சினம் பொங்கியது. படித்த பக்கம் நினைவில் நிற்கவில்லை. தெரிந்த பெயர்கள் மறந்துபோயின. இத்தகைய முகாம்களைப் பார்வையிட்ட சுவிற்சர்லாந்து வைத்தியர் அடொல்ப் விஷர், 1918ஆம் ஆண்டில் இதனைப் பற்றி ஒரு நூல் எழுதினார். "முள்வேலி நோய்" என்பது அவர் இதற்கு வழங்கிய பெயர். விடுதலை என்றைக்கு என்று தெரியாமை, ஒரு நொடியேனும் தனித்திருக்க இயலாமை ஆகியவற்றை அவர் அதன் காரணங்களுள் முக்கியமாகக் கண்டார். வேலியே இல்லாத வீட்டிலும் கந்தோரிலும் இதே குறிகளோடு நடமாடுவோர் இன்று எத்தனை பேர்!

நொக்கலோவில் அடைபட்டிருந்தோருள் ஒருவர் ஜோசப் பிலாட்டீஸ். 1883ஆம் ஆண்டில் ஜேர்மனியின் மொன்சன்கிளாட்பாக் நகரிலே பிறந்தவர், இளமையிலே நோயாளி. மெலிந்த உடலைப் பயிற்சியினால் உரமாக்கிக்கொண்டு, குத்துச்சண்டை முதலியவற்றைப் பயின்று, யுத்தத்திற்குச் சற்று முன்னர் இங்கிலாந்து சென்றிருந்தார். முகாமிலே தாம் பயின்றதோடு நில்லாமல் மற்றவர்களையும் பயிற்றினார். படுக்கையில் கிடந்த நோயாளருக்காகக் கட்டிற் கம்பிச்சுருள்களைக் கழற்றிக் கருவியாக்கினார் என்றும், முகாமிலே திரிந்த பூனைகள் சோம்பல் முறிக்கும் முறையைக் கவனித்துப் பாடம் கற்றார் என்றும் கதைகள் வழங்குகின்றன. அவரிடம் பயின்றோரை 1918ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சல் தீண்டவேயில்லை என்றும் சொல்வர். அதனை நம்பிவிட வேண்டியதில்லை. நம்பத்தக்கது ஒன்று உண்டு: நாள் முழுதும் வெறுமையாய்க் கிடந்த மனிதருக்கு, மூச்சையும் அசைவையும் எண்ணிக் கவனிக்கும் ஒரு வேலை அங்கே கிடைத்தது.

1926ஆம் ஆண்டில் அவர் நியூயோர்க் சென்று, துணைவி கிளாராவுடன் பயிற்சிக்கூடம் ஒன்றை நடத்தலானார். நடனக் கலைஞர்கள் அவரை நாடி வந்தனர். தம் முறைக்கு அவர் சூட்டிய பெயர் "கொன்ட்ரொலொஜி", அதாவது கட்டுப்பாட்டுக் கலை. பிலாட்டீஸ் என்ற பெயர் அதற்கு நிலைத்தது 1967ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னரே.

கட்டுப்பாடு என்ற அந்தச் சொல்லிலேதான் இம்முறையின் பயன் அடங்கியிருக்கிறது. கவலை மிகுந்தவனை உற்று நோக்கினால், அவன் தோள்கள் காதை நோக்கி உயர்ந்திருக்கும், தாடை இறுகியிருக்கும், மூச்சு மார்பின் மேற்புறத்தோடு நின்றுவிடும். ஆபத்தை எதிர்கொள்வதற்கென உடல் பூணும் கோலம் அது. ஆபத்து நீங்கினால் கோலமும் கலையவேண்டும். கடனும் வழக்கும் மேலதிகாரியின் கடுமொழியும் எளிதில் நீங்குவனவல்ல ஆதலின், அது கலைவதில்லை. இறுகிய தசையை நோக்கி "தளர்ந்துவிடு" என மனம் கட்டளையிட்டாலும் அது கேட்பதில்லை. ஆனால் மூச்சு மனத்தின் ஆணைக்கு ஓரளவு கட்டுப்படும். மூச்சை நிதானமாகவும் நீளமாகவும் வெளிவிடும்போது, இதயத்தின் வேகத்தைத் தணிக்கும் நரம்பு தன் தொழிலைச் செய்யத் தொடங்குகிறது. நாடி சற்றே தாழ்கிறது.

தொடங்குவோர் ஒரு பாயிலே மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையிற் பதிக்கலாம். கைகளை விலாவின் இருபுறமும் வைத்து, மூக்கினால் மூச்சை உள்ளிழுக்க வேண்டும். தோள் உயராமல் விலாவெலும்புகள் பக்கவாட்டில் விரிவதைக் கைகள் உணரும். பின்னர் மூச்சு முழுதும் தீரும்வரை வெளிவிட, அடிவயிறு தானே உட்குழியும். ஐந்தாறு தடவைகள் இவ்வாறு செய்தபின், மூச்சை வெளிவிட்டபடியே இடுப்பைத் தரையினின்றும் மெல்ல உயர்த்தவேண்டும். முதுகு ஒரே பலகைபோல எழக்கூடாது. பாயைச் சுருட்டுவது போல, கீழிருந்து ஒவ்வொரு முள்ளெலும்பாக எழவேண்டும். இறங்கும்போது மேலிருந்து ஒவ்வொன்றாகத் தரையைத் தொடவேண்டும். எந்த எலும்பு தரையைத் தொட்டது, எது தொடவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்கும் மனத்திற்கு, நாளைய கவலையை அசைபோட அவகாசம் கிட்டுவதில்லை. நூறு தடவை அவசரமாகச் செய்வதிலும் ஐந்து தடவை கவனத்தோடு செய்வதே இம்முறைக்கு உகந்தது.

இதனைப் பயில்வோரிடம் பதற்றமும் சோர்வும் குறைவதாக அண்மைக்கால ஆய்வுகள் கூறுகின்றன. அவற்றுட் பல சிறு தொகையினரிடம் நடத்தப்பட்டவை. ஆகையால் பிற பயிற்சிகளை விஞ்சியது இதுவே எனப் பறைசாற்றுவது முறையன்று. நாள்தோறும் நடப்பவரும் பயன் பெறுகின்றனர். கடனையோ மேலதிகாரியையோ எந்தப் பயிற்சியும் மாற்றிவிடாது. வாரக்கணக்கில் உறக்கமின்றி, வாழ்வே வேண்டாமென்ற எண்ணம் தலைதூக்குமாயின், பாயை விரிப்பதற்கு முன் வைத்தியரைக் காண்பதே முறை.

உடலைப் பொறுத்தும் எச்சரிக்கை வேண்டும். எலும்பு தேய்ந்து மெலிந்தவர்கள், முதுகை முன்னோக்கி வளைத்துச் சுருட்டும் பயிற்சிகளைத் தவிர்த்தல் நன்று. கழுத்துநோவு உள்ளோர் தலையைத் தூக்காமலே பயிலலாம். கருவுற்றிருப்போர் வைத்தியரின் அனுமதி பெற்று, தேர்ந்த ஆசிரியரின் முன்னிலையிலேயே தொடங்கவேண்டும். நிறைந்த வயிற்றோடு எவரும் செய்யலாகாது. முடிந்தவுடன் துள்ளி எழாமல், முழங்கால்களை ஒருபுறம் சாய்த்து, ஒருக்களித்துச் சில மூச்சுகள் கிடந்து, கையை ஊன்றி, தலை கடைசியில் நிமிருமாறு எழவேண்டும்.