துணி பட்டன்: நாங்கள் பட்டதும் கற்றதும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், தையல் தொழில் செய்யும் எங்கள் குழுவின் சார்பில் பேசியது)



எங்கள் குழுவில் இருப்பவர்கள் எல்லாம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் கம்பெனி வேலைக்குப் போக முடியாதவர்கள். சிலருக்குக் கைக்குழந்தை. ஒருவருக்கு வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார். இரண்டு பேருக்கு நைட் ஷிப்ட் ஒத்துக்கொள்ளவில்லை. தையல் மெஷின்தான் எங்களுக்குக் கம்பெனி. துணி பட்டன் தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னதும், நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தோம். அப்புறம், நஷ்டப்பட்டதையும் சொன்னால்தானே நாலு பேருக்குப் பிரயோஜனம் என்று முடிவு பண்ணினோம்.

ஜாக்கெட், சுடிதார் எதுவானாலும் அதே துணியில் பட்டன் வைத்தால் பார்க்க எடுப்பாக இருக்கும். வெளியே கொடுத்துச் செய்து வாங்கினால் கூலியும் போகும், அலைச்சலும் ஆகும். அதனால் உள்கடன் எடுத்து ஒரு கை பிரஸ்ஸும் இரண்டு அளவுக்கு டையும் வாங்கினோம். மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து பாரிமுனைக்குப் பஸ். கடையில் "என்ன லைன் வேணும்?" என்று கேட்டதும் முழித்தோம். பட்டன் அளவுக்கு லைன் என்று பெயர். 40 லைன் என்றால் 1 அங்குலம். 24 லைன் பட்டன் சுமார் 15 மில்லிமீட்டர் அகலம். இது தெரிந்தால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

வேலை கஷ்டமில்லை. பட்டன் அகலத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்குக்குத் துணியை வட்டமாக வெட்ட வேண்டும். டையில் துணி, அதன்மேல் மூடி வைத்து அழுத்தி, ஓரத்தை உள்ளே மடித்து, அடி மூடியை வைத்து இன்னொரு அழுத்து. அவ்வளவுதான். மெல்லிய துணியில் தகரம் பளபளவென்று வெளியே தெரியும். உள்ளே லைனிங் ஒன்று கொடுங்கள். பருத்தித் துணியை முதல் நாளே நனைத்துக் காயவைத்துவிடுங்கள். கெட்டி ஜரிகை வேண்டாம், டைக்குள் அடங்காது. கட்டம் போட்ட துணியை வெட்டும்போது நிதானம் வேண்டும், ஒரு பட்டனில் கட்டம் கோணினால் மொத்த வரிசையும் கோணலாகத் தெரியும்.

இனி நாங்கள் பட்ட பாட்டுக்கு வருகிறோம். ஒரு பொங்கலுக்கு ரெடிமேட் கடை ஒன்றில் 50 ஜாக்கெட் ஆர்டர் கிடைத்தது. சந்தன நிறத் துணி, ஒவ்வொன்றுக்கும் 6 பட்டன். மூடியில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம் என்று விலை குறைந்ததாகப் பார்த்து வாங்கினோம். அது இரும்புத் தகடு என்று எங்களுக்குத் தெரியாது. துணியை லேசாக ஈரப்படுத்தி அழுத்தினால் சுருக்கமில்லாமல் இறுக்கிப் பிடிக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதையும் செய்தோம். அது நல்ல யோசனைதான், ஆனால் இரும்புக்கு ஆகாது. ஒரே சலவையில் ஒவ்வொரு பட்டனைச் சுற்றியும் துருக்கறை. கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தது.

அன்றைய குழுக் கூட்டத்தை மறக்க முடியாது. மூடி வாங்கப் போனது யார் என்று ஆரம்பித்து, அழுகை, சண்டை. ஒரு அக்கா, "மலிவா வாங்கலாம்னு நாம எல்லாரும்தானே கையெழுத்து போட்டோம்?" என்று தீர்மான நோட்டைப் பிரித்துக் காட்டினார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. நஷ்டத்தை எல்லோரும் பங்கு போட்டுக் கட்டினோம். ஐந்து மாதம் ஆனது.

இப்போது கடைக்குப் போனால் கைப்பையில் ஒரு காந்தம் இருக்கும். பித்தளையும் அலுமினியமும் காந்தத்தில் ஒட்டாது. கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். புதுச் சரக்கு வந்தால் இரண்டு பட்டன் செய்து, சோப்புத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, வெள்ளைத் துணியில் சுற்றிக் காயவைப்போம். கறை விழுந்தால் சரக்கு திரும்பிப் போகும்.

தகடே வேண்டாம் என்று இருப்பவர்களுக்குப் போட்லி பட்டன் இருக்கிறது. துணி வட்டத்தின் ஓரத்தில் நூலோட்டி, உள்ளே பஞ்சோ துணித் துணுக்கோ வைத்துச் சுருக்கிக் கட்டினால் குட்டி மூட்டை மாதிரி வரும். ஜாக்கெட் முதுகில் வரிசையாக வைக்கிறார்களே, அதுதான். முதலீடு ஊசியும் நூலும் மட்டும். ஆனால் 12 பட்டனுக்கு எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. "என் துணியில மிச்சத் துண்டுதானே, இதுக்கு எதுக்குத் தனியா காசு?" என்று கேட்பார்கள். நாங்களும் ரொம்ப நாள் சும்மாவே செய்து கொடுத்தோம். இப்போது கணக்கு இப்படி: உங்கள் ஊரில் சித்தாள் வேலைக்கு ஒரு நாள் கூலி எவ்வளவோ, அதை 8-ஆல் வகுங்கள். அதுதான் உங்கள் ஒரு மணி நேரம். அதன்மேல் நூல், பஞ்சு செலவு. அந்தத் தொகையை அட்டையில் எழுதி மெஷினுக்கு மேலே மாட்டிவிட்டோம். இரண்டு வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் திரும்பி வந்துவிட்டார்.

பட்டனை மட்டுமே நம்பி இறங்கலாமா என்று சிலர் கேட்டீர்கள். வேண்டாம் என்பதுதான் எங்கள் அபிப்பிராயம். இங்கிலாந்தில் டார்செட் என்ற மாவட்டம் இருக்கிறது. 200 வருடத்துக்கு மேல் அங்கே கிராமத்துப் பெண்கள் வீட்டிலிருந்தே கையால் பட்டன் கட்டிக் குடும்பத்தைப் பார்த்தார்கள். 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சியில் பட்டன் செய்யும் இயந்திரத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். அதற்குப் பிறகு சில வருடத்தில் அந்தத் தொழில் படுத்துவிட்டது. பல குடும்பங்கள் கப்பலேறி வேறு தேசம் போனார்கள். ஜாக்கெட் தைத்து, அதோடு சேர்த்துப் பட்டனும் செய்தால் இரண்டுக்கும் கூலி வரும், ஒன்று குறைந்தாலும் மற்றது இருக்கும்.

பழக விரும்பும் சகோதரிகள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு உள்ளங்கை அளவில் இரண்டு துணித் துண்டு கொண்டுவாருங்கள். ஒன்று சலவை செய்தது, ஒன்று புதியது. பிரஸ்ஸை நாங்கள் ஷேர் ஆட்டோவில் எடுத்துவருகிறோம், கனம் அதிகம், இறக்கிவைக்க மட்டும் இரண்டு பேர் கை கொடுங்கள்.