ஹம்முஸ்: ஒரு சொல்லின் பொருளும் ஆட்சியும்



ஆங்கில அகராதியில் ‘ஹம்முஸ்’ என்னும் சொல்லைத் தேடினால், வேகவைத்து அரைத்த கொண்டைக்கடலையோடு எள் விழுது, எலுமிச்சைச் சாறு, பூண்டு ஆகியன கூட்டிச் செய்யும் தொடுகறி என்று பொருள் கிடைக்கும். அரபு அகராதியிலோ அதே சொல்லுக்குக் கொண்டைக்கடலை என்பதே முதற்பொருள். அவ்வுணவின் முழுப்பெயர் அரபியில் ‘ஹம்முஸ் பி தஹீனா’ என்பதாகும். எள் விழுதோடு கூடிய கடலை என்பது அதன் நேர்ப்பொருள். ‘தஹீனா’ என்பது அரைத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல். நம் ‘துவையல்’ துவைத்தலிலிருந்து பிறந்தது போல.

பெயரைச் சுருக்கியவர் ஆங்கிலேயர் அல்லர். லெபனான், சிரியா, பாலஸ்தீனப் பகுதிகளின் மக்களே பேச்சில் ‘ஹம்முஸ்’ என்று மட்டும் சொல்லி உணவைக் குறித்தனர். முதற்காரணமாகிய கடலையின் பெயர் காரியமாகிய உணவுக்கு ஆகிவந்தது; தமிழிலக்கணம் கற்றோருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் அரபியில் கடலையும் உணவும் ஒரே பெயரில் உடன் வாழ்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கிலத்துக்குக் குடிபெயர்ந்தபோது உணவு மட்டுமே சென்றது. கடலை ஊரிலேயே தங்கிவிட்டது. விளைவு யாதெனின், இன்று ஆங்கிலத்தில் ‘கறுப்பு அவரை ஹம்முஸ்’ என்று எழுதுகின்றனர். கடலை ஒன்றுகூட இல்லாத பண்டம் அது. அரபு தெரிந்தவர் காதில் அது ‘கறுப்பு அவரைக் கடலை’ என்று விழும்.

இதைக் கேட்டு நகைக்கும் உரிமை தமிழருக்கு உண்டா? எள்ளின் நெய்தான் ‘எண்ணெய்’. பின்னர்த் தேங்காயெண்ணெய் வந்தது, விளக்கெண்ணெய் வந்தது, எள்ளுக்கும் நெய்க்கும் தொடர்பே இல்லாத மண்ணெண்ணெயும் வந்தது. பெயருக்கு உரிய எள்ளோ ‘நல்லெண்ணெய்’ என்னும் அடைமொழி பெற்று ஒதுங்கிக்கொண்டது. கடலையின் கதையும் ஏறத்தாழ இதுவே. தென்னமெரிக்காவிலிருந்து நிலக்கடலை வந்து சேர்ந்தபின், இன்று பலரும் ‘கடலை’ என்றாலே அதைத்தான் எண்ணுகின்றனர். பழைய கடலைக்குக் கொண்டை வேண்டியதாயிற்று. சில ஊர்களில் அதற்கு மூக்கடலை என்றும் பெயர். உரோம நாவலர் சிசரோவின் குடிப்பெயர் கடலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அவருடைய முன்னோர் ஒருவரின் மூக்கு நுனி கடலை போலப் பிளந்திருந்ததே காரணம் என்று புளூட்டார்க் எழுதிவைத்தார். மூக்கையும் கடலையையும் ஒருங்கே நினைத்தவர் தமிழர் மட்டுமல்லர்.

இனி ஒலி பற்றிச் சிறிது. இச்சொல்லின் தொடக்கத்தில் தொண்டையின் அடியிலிருந்து எழும் ஓர் ‘ஹ’ உண்டு. இறுதியில் அழுத்தமான ஒரு ‘ஸ’ உண்டு. ஆங்கிலத்தில் இரண்டும் இல்லை. எனவே ஆளுக்கொரு விதமாக எழுதினர். ஓர் ‘எம்’ எழுத்தைக் கைவிட்டால் மண்ணின் மட்கைக் குறிக்கும் இலத்தீன் வழிச்சொல்லாகிவிடும். உணவு மேசையில் மட்கு பரிமாறப்பட்ட அச்சுப்பிழைகள் ஆங்கிலத்தில் ஏராளம். துருக்கியிலோ அவ்வெழுத்துக்கூட்டலே சரியானது. தமிழில் எழுதுவோர்க்கு வேறோர் இடர். ஒரு நெடில் பிசகினால் ‘ஹமாஸ்’ என்றாகிவிடும். அது பாலஸ்தீன இயக்கம் ஒன்றன் பெயர். அவ்வியக்கத்தின் முழுப்பெயரின் எழுத்துகளைக் கோத்து ஆக்கப்பட்டது. இரண்டுக்கும் உறவில்லை.

ஒரு கடலையின் பெயருக்கு இத்துணை ஆராய்ச்சியா என்று எண்ணுவோர் 2008ஆம் ஆண்டை நினைவுகூர்தல் நன்று. அவ்வாண்டு லெபனானின் தொழிலதிபர் சங்கம் அப்பெயர் தம் நாட்டுக்கே உரியதென ஐரோப்பியப் பாதுகாப்புக் கோர முற்பட்டது. ‘ஃபெட்டா’ என்னும் பாலாடைக்கட்டியின் பெயரைக் கிரேக்கத்துக்கே உரியதாக 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒதுக்கியதே அவர்களுக்கு முன்மாதிரி. இஸ்ரேலிய நிறுவனங்கள் உலகச் சந்தையில் அவ்வுணவை விற்றதே சினத்துக்குக் காரணம். முயற்சி கைகூடவில்லை. போட்டி தட்டுக்கு மாறியது. 2010 ஜனவரியில் இஸ்ரேலின் அபுகோஷ் என்னும் அரபு ஊரில் சுமார் 4 டன் ஹம்முஸ் ஆக்கினர். மே மாதம் லெபனான் 10,452 கிலோ ஆக்கிக் கின்னஸ் சாதனையை வென்றது. அந்நாட்டின் பரப்பு 10,452 சதுர கிலோமீட்டர்! தாம் வாழும் மண்ணை ஒரு தட்டில் அளந்து வைத்தனர். கவிஞர் எவரும் இதனினும் கூரிய படிமத்தை எளிதில் ஆக்கிவிட முடியாது.

அந்நாட்டுக் கவிதைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே தமிழுக்கு வருகின்றன. மொழிபெயர்ப்பவர் ‘கடலைத் துவையல்’ என்று எழுதிவிட்டால் சுவை ஓரளவு வரும், வழக்கு வராது. தமிழர்க்குத் துவையல் சோற்றின் துணை. அங்கே ஹம்முஸ் தானே ஓர் உணவு. காலையில் ரொட்டியைக் கிள்ளித் தட்டோடு வழித்து உண்பது. எபிரேயப் பேச்சில் ஹம்முஸை ‘உண்ணுதல்’ என்னாமல் ‘துடைத்தல்’ என்றே கூறுவர். ஆதலின் உணவுக்கு ‘ஹம்முஸ்’ என்ற பெயரையே கொள்வது தகும். தொல்காப்பியர் பிறமொழி ஒலியைக் களைந்து எழுதச் சொன்னதைப் போற்றுவோர் ‘அம்முசு’ என எழுதலாம். எவரும் அடையாளம் காணமாட்டார் என்பதுதான் குறை. மூலத்தில் அச்சொல் வயலிலோ மூட்டையிலோ நின்றால் அது வெறும் கொண்டைக்கடலை. அங்கே ஹம்முஸ் என்று எழுதுவது பிழை. கறுப்பு அவரையில் செய்ததற்கு ‘அவரை மசியல்’ என்னும் நல்ல தமிழ்ப்பெயர் காத்திருக்கிறது.