புதிய பொறுப்பும் பழைய பயமும்



படிப்பை முடித்து நாலைந்து வருடம்தான் ஆகியிருக்கும். அதற்குள் ஓர் அரசுத் துறையின் தொழில்நுட்பப் பிரிவுக்கே தலைமை ஏற்கச் சொல்லி ஆணை வந்துவிடுகிறது. வீட்டில் எல்லாருக்கும் பெருமை. ஆணையை வாங்கியவருக்கு மட்டும் தூக்கம் வருவதில்லை. முதல் கூட்டத்தில் எதிரே இருப்பவர்கள் இருபது, இருபத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவர்கள். ஒப்பந்தப்புள்ளி, நிதித்துறை ஒப்புதல், தணிக்கைத் தடை என்று பேச்சு ஓடுகிறது, பாதி புரியவில்லை. 'தெரியாமல் என்னை எடுத்துவிட்டார்களோ?' என்று மனம் அடித்துக்கொள்கிறது.

இந்தப் பயத்தைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட எனக்கு மனமில்லை. அதில் நியாயம் இருக்கிறது. விதி தெரியாமல் கையெழுத்துப் போட்டால் வீணாவது மக்கள் பணம். அதைப் படித்துத்தான் ஆக வேண்டும், பிரிவு அலுவலரிடம் கூச்சப்படாமல் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் படித்தால் வந்துவிடுகிற அறிவு அது. படித்து வராத இன்னொன்று இருக்கிறது. அதற்குத் தைவானில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஆட்ரி டாங் 14 வயதில் பள்ளியை விட்டு, தாமாகவே கணினி கற்றவர். கல்லூரிப் பட்டம் கிடையாது. 2016இல், 35 வயதில், அந்நாட்டு அமைச்சரவையில் டிஜிட்டல் விவகாரங்களுக்குப் பொறுப்பேற்றார். காகிதத்தில் பார்த்தால் எந்த அலுவலகமும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கும். ஆனால் அதற்கு முன்பே ஓர் அமைச்சருக்கு இளம் ஆலோசகராக இருந்து, அரசாங்கம் நடக்கும் விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்திருந்தார். பதவிக்கு வந்தபின் தம் கூட்டங்களில் பேசப்பட்டதை எழுத்தில் வெளியிட்டார். புதன்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று கதவைத் திறந்து வைத்தார்.

2020 பிப்ரவரியில் முகக்கவசத்துக்குத் தட்டுப்பாடு. மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் மருந்துக்கடையில் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கிட்டார்கள். எந்தக் கடையில் முகக்கவசம் இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தை அரசு சாராத ஓர் இளைஞர் ஏற்கெனவே செய்திருந்தார். டாங் அதைப் பிரதமரிடம் கொண்டுபோனார். அரசு தன் இருப்புக் கணக்கைப் பொதுவில் திறந்துவிட்டது. 6,000க்கும் மேற்பட்ட கடைகளின் கணக்கு, 30 விநாடிக்கொரு முறை புதுப்பிக்கப்பட்டது. செயலியைத் திறந்தால் கடையின் இருப்பு தெரிந்துவிடும். அருமையான ஏற்பாடு.

ஆனாலும் சில கடைகளில், 'செயலியை நம்பாதீர்கள்' என்று மருந்தாளுநர்களே எழுதி ஒட்டினார்கள்.

என்ன நடந்தது? வரிசையில் நிற்கும் ஒவ்வொருவர் அட்டையையும் அங்கேயே பதிவு செய்தால் நேரமாகிறது. அதனால் காலையிலேயே டோக்கன் கொடுத்து அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டு, ஓய்வானபோது பதிவு செய்தார்கள். அதுவரை கணினிக் கணக்கில் இருப்பு அப்படியே நின்றது. அதைப் பார்த்து ஓடிவந்தவர்களுக்கு, 'இல்லை' என்ற பதில்தான். திட்டுவாங்கியது கல்லாவுக்குப் பின்னால் நின்றவர்.

மருந்தாளுநர்கள் சொன்னதைக் கேட்டு, டோக்கன் தீர்ந்ததும் தங்கள் கடையை வரைபடத்திலிருந்து அவர்களே எடுத்துவிடும் வசதி வந்தது.

முனைவர் பட்டம் பெற்றவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் டோக்கன் விஷயம் தெரிந்திருக்காது. இருபது வருட அனுபவமும் அதைச் சொல்லியிருக்காது. அந்த நிலைமை அப்போதுதான் வந்தது. எல்லாம் தெரியும் என்று உட்கார்ந்திருப்பவர், கடைக்காரர் விதியை மீறினார் என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருப்பார். தனக்குத் தெரியாது என்று உணர்ந்தவருக்குத்தான், 'ஏன் இப்படிச் செய்தீர்கள்?' என்று கேட்கத் தோன்றும்.

புதிதாகப் பொறுப்பேற்கும் தம்பி, தங்கைகளே, முதல் வாரத்தில் ஒரு நாள் உங்கள் துறையின் கவுண்டர் ஒன்றில், ஊழியருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். கணினித் திரை ஒன்று கேட்க, அவர் தனியாக ஒரு நோட்டில் வேறொன்றை எழுதி வைத்துக்கொள்கிறாரா என்று பாருங்கள். எழுதினால், அந்த நோட்டை வாங்கிப் படித்துவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போங்கள்.