கோடையிற் சீகிரியா



ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால் வன்னிப் பெருநிலத்துக் கிராமங்களிலே சுற்றுலாப் பேச்சு எழும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் பெருவீதியில் அமைந்த முரசுமோட்டையும் இதற்கு விலக்கன்று. இரணைமடுக் குளத்து நீரால் விளைந்த சிறுபோக நெல் வீடு வந்து சேரும் காலம் அது. கையிலே சிறிது பணம் உண்டு. பாடசாலைக்கு விடுமுறையும் உண்டு. ஆதலின் ஊரார் ஒரு பேருந்தை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, இரவோடிரவாகக் கண்டி வீதி வழியே தெற்கு நோக்கிப் புறப்படுகின்றனர். வவுனியாவையும் தம்புள்ளையையும் கடந்து, இனாமலுவைச் சந்தியிலே திரும்பி, விடிவதற்குள் சீகிரியாவை அடைந்துவிட வேண்டும் என்பது எண்ணம். 2009ஆம் ஆண்டிற் போர் முடிவுறும்வரை இத்தகைய பயணம் வன்னி மக்களுக்குப் பெரும்பாலும் கைகூடாததாகவே இருந்தது. இன்று அவர்கள் கொள்ளும் ஆவலைக் குறை கூற யாருக்கும் மனம் வராது.

ஆயினும் நடப்பது வேறு. வழியில் ஒரு கோயில், ஒரு தேநீர்க்கடை, பின்னர் ஒரு குளிப்பு என்று நேரம் கழிய, பேருந்து சீகிரியாவை அடையும்போது மணி பத்தாகிவிடுகிறது. வெயில் ஏறிவிட்டது. ஐரோப்பியரும் தம் கோடை விடுமுறையைக் கழிக்க வந்து குவியும் மாதம் அது. சூழ்ந்த சமவெளியிலிருந்து ஏறத்தாழ 600 அடி உயர்ந்து நிற்கும் அக்குன்றுக்குப் படிகள் சுமார் 1,200. ஒடுங்கிய இரும்புப் படிகளிலே ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி நிற்க வேண்டியிருக்கிறது. முன்னே செல்லவும் இடமில்லை. பின்னே திரும்பவும் வழியில்லை. பாறையோ பகல் முழுவதும் வெப்பத்தை வாங்கி, அருகில் நிற்பவர்மீதே உமிழ்கிறது. காலை உணவு கொள்ளாத பிள்ளைகளும், குருதி அழுத்த நோயுள்ள முதியோரும் தலைசுற்றி அமர்வது இவ்விடத்திலேதான். கூச்சலிடுவதும் ஆபத்து. பாறையிலே கூடு கட்டியிருக்கும் மலைத்தேனீக்கள் கலைந்தெழுந்து பலரைக் கொட்டியதுண்டு. சிங்கப் பாதங்கள் இருக்கும் தளத்திலே கம்பிவலைக் கூண்டொன்று வைத்திருப்பதும் அதன் பொருட்டே.

இத்தனை இடரும் உச்சியை நோக்கி ஓடுவதால் விளைவன. உச்சியைத் தொடாவிட்டால் பயணம் வீண் என்ற எண்ணம் எப்படியோ நம்மவரிடம் வேரூன்றிவிட்டது. ஆனால் நெல் விளைவிக்கும் ஊரிலிருந்து செல்வோர் நின்று பார்க்கவேண்டிய பொருள் குன்றின் அடியிலேயே கிடக்கிறது. அதுதான் காசியப்பன் அமைத்த நீர்ப் பூங்கா.

காசியப்பன் 477 முதல் 495 வரை ஆட்சி புரிந்தவன். அவன் தந்தை தாதுசேனனே கலாவெவ என்னும் பெருங்குளத்தைக் கட்டுவித்தவன். செல்வத்தைக் காட்டுமாறு மைந்தன் வற்புறுத்தியபோது, தாதுசேனன் அக்குளத்தில் இறங்கி நீரை அள்ளிக் காட்டி, தன் செல்வம் முழுவதும் இதுவே என்றான் எனச் சூளவம்சம் கூறும். அதன் பின்னர் அவன் கொல்லப்பட்டான். தந்தையைக் கொன்ற மைந்தனும் தன் கோட்டையின் வாயிலிலே நீரையே முதன்மையாக வைத்தான் என்பது சிந்திக்கத் தக்கது. சமச்சீராக வெட்டிய தடாகங்கள், நிலத்தடியிலே ஓடும் குழாய்வழிகள், துளையிட்ட சுண்ணாம்புக் கற்பலகைகள் ஆகியவை அங்கே உள்ளன. உயர்ந்த மட்டத்திலே தேங்கிய நீர் தாழ்ந்த இடத்துக்கு அடைபட்டு வரும்போது, அக்கற்களின் துளைகள் வழியே மேலெழுந்து பாயும். எந்திரம் எதுவும் இல்லை. துருசு திறந்து வாய்க்காலுக்கு நீர் விடுவதைப் பிறந்தது முதற் பார்த்துவரும் முரசுமோட்டைச் சிறுவனுக்கு இதை ஒருமுறை சொன்னாற் போதும். பட்டணத்துப் பிள்ளைக்குப் படம் வரைந்து காட்டவேண்டியிருக்கும். ஆனால் ஆகஸ்டிலே அக்கற்கள் உலர்ந்து கிடக்கின்றன. கூட்டம் அவற்றைக் கடந்து படியை நோக்கி விரைகிறது.

நடுவழியிலே கண்ணாடிச் சுவர் இருக்கிறது. சீகிரியாவின் நெரிசல் நேற்றுத் தோன்றியதன்று என்பதற்கு அச்சுவரே சான்று. பெரும்பாலும் 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை வந்த யாத்திரிகர், துறவியர், போர்வீரர், பெண்டிர் ஆகியோர் பாறையில் தீட்டிய மங்கையரைக் கண்டு தம் மனத்தெழுந்ததைச் சிங்களப் பாக்களாக அச்சுவரிற் கீறிச் சென்றனர். அறிஞர் பரணவிதான அவற்றுள் 685 பாக்களைப் படித்து 1956இல் நூலாக வெளியிட்டார். அன்று கீறியவை இன்று வரலாறு; இன்று கீறுவது குற்றம். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குப் பேருந்திலேயே சொல்லிவிட வேண்டும். 2015ஆம் ஆண்டிற் கிழக்கு மாகாணத்திலிருந்து சென்ற ஓர் இளம்பெண் அச்சுவரிலே எழுதியதற்காக இரண்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவ்வாண்டிலேயே சனாதிபதியின் மன்னிப்பால் விடுதலையானார். ஏழைக் குடும்பம் ஒன்று சில எழுத்துகளுக்காகப் பட்ட துன்பம் அது. அதற்கு நெடுநாள் முன்னர், 1967இல், ஓவியங்களின்மீதே பச்சை வண்ணத்தைப் பூசிச் சென்றவர்களும் இருந்தனர். அதைத் துடைத்தெடுக்க வெளிநாட்டிலிருந்து வல்லுநர் வரவேண்டியதாயிற்று.

ஆகஸ்டிலேதான் செல்வது என்றால், முதல் நாள் மாலையே தம்புள்ளையில் தங்கி, வாயில் திறக்கும்போதே உள்ளே புகுதல் நன்று. முதியோர் பெரும்பாறைகளின் நிழலிலே இருக்கட்டும்; அங்கு பிக்குகள் வாழ்ந்த குகைகளும் காணத்தக்கவையே. வெயில் முற்றிய வேளையை நூதனசாலையிற் கழிக்கலாம்.

இதனினும் சிறந்த வழி ஒன்றுண்டு. பயணத்தை மார்கழி விடுமுறைக்கு மாற்றினால், மழைநீர் நிறைந்த தடாகங்களையும், பதினைந்து நூற்றாண்டுக்கு முன் வைத்த கற்களிலே நீர் பொங்குவதையும் பிள்ளைகள் கண்ணாரக் காணலாம். மழையிற் படி வழுக்கும் என்பதும், காலபோகப் பயிர் வயலில் நிற்கும் அம்மாதத்திலே வீட்டிற் காசு இராது என்பதும் மெய்யே. வழுக்கும் நாளில் உச்சியை விட்டுவிடலாம். காசுக்கு, சிறுபோக நெல் விற்ற கையோடு குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர்ச் சங்கத்திலே சேர்த்து வைத்தால், நான்கு மாதத்தில் ஒரு பேருந்தின் வாடகை தேறிவிடும்.