வலிக்குக் காரணம் வினையா? கிணறா?

(தர்மபுரி ஜில்லாக் கிராமமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது உங்கள் இடுப்பு வலியையும், முழங்கால் வலியையும் பற்றியேயாகும். ஆனால் இந்த வலியைப் பற்றிப் பேசப் புகுந்தால் கடவுளும் தலைவிதியும் தாமாகவே குறுக்கே வந்து நிற்பதால், அவைகளையும் தொட்டுத்தான் ஆகவேண்டியிருக்கிறது.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, அல்லது திரும்பத் திரும்ப வருகிற வலியை நாள்பட்ட வலி என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். இது பட்டணத்தானுக்கும் உண்டு, பட்டிக்காட்டானுக்கும் உண்டு. நாள் முழுதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிற பட்டணத்தானுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டால், டாக்டரிடம் போகிறான். லீவு எழுதிக் கொடுக்கிறான். பொழுது முழுதும் குனிந்து நாற்று நடுகிற நம் தாய்மார்களுக்கு லீவு கொடுப்பவர் யார்? ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனாலோ பஸ் சார்ஜு வேறு. ஆகவே வலியைச் சொல்லாமலே காலந்தள்ளுகிறார்கள்.

அவர்கள் சொல்லாததைப் பார்த்து, "காட்டு வேலை செய்கிற உடம்புக்கு வலி தெரியாது" என்று சுகவாசிகள் தீர்ப்புச் சொல்லுகிறார்கள். இது எவ்வளவு அயோக்கியமான பேச்சு! வலியை ஆராயும் சர்வதேசச் சங்கம் 2020-ல் வெளியிட்ட விளக்கத்தில், ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும், வாயால் சொல்ல முடியாததாலேயே வலி இல்லையென்று ஆகாது என்றும் கண்டிருக்கிறது.

நிற்க, "எல்லாம் முன்ஜென்ம வினை" என்கிறார்களே, அதைப் பார்ப்போம். இந்த ஜில்லாவில் பல ஊர்களில் பாறையிலுள்ள ஃபுளோரைடு என்னும் பொருள் நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மிஞ்சினால் குழந்தைகளின் பல்லில் கறை ஏறும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பில் சேர்ந்து, மூட்டு இறுகி, முதுகு வளையாமல் போய், ஓயாத வலி உண்டாகும். அக்காலச் சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவில் இந்நோயை ஷார்ட் என்பவரும் அவரது சகாக்களும் கண்டறிந்து 1937-லேயே எழுதிவிட்டார்கள்.

இப்பொழுது கேட்கிறேன்: ஆற்று நீர் குடிக்கிறவனெல்லாம் முன்ஜென்மத்தில் புண்ணியம் செய்தவன், போர்வெல் நீர் குடிக்கிறவனெல்லாம் பாவம் செய்தவனா? வினை என்ன, கிணறு பார்த்தா வந்து பிடிக்கிறது? காவிரி நீரை இந்த ஜில்லாவுக்கும் கிருஷ்ணகிரி ஜில்லாவுக்கும் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் துவக்கப்பட்டது. அது எந்த யாகத்தால் வந்தது? இஞ்சினீயர்களின் அறிவாலும், தொழிலாளிகளின் உழைப்பாலும், ஜப்பானில் வாங்கிய கடனாலும் வந்தது. ஒரு குழாய்க்கு முன் நிற்க முடியாத வினைக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

வைத்தியர்கள் சொல்லுகிறபடி, ஒருமுறை இறுகிப்போன எலும்பைப் பழையபடி ஆக்குவது அரிது. ஆகையால் வருமுன் காப்பதே வழி. ஆற்று நீர் வராத நாளில் எதைக் குடிக்கிறோம் என்று கவனியுங்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் அளவு ஏறவே செய்யும். ஊர்க் கிணற்று நீரைப் பரிசோதித்து, கண்ட அளவை ஊரறியப் பலகையில் எழுதிப்போடும்படி கிராம சபையில் கேளுங்கள். கேழ்வரகும் பாலும் கீரையும் உண்ணுங்கள். கடையில் வலி மாத்திரை வாங்கித் தினம் விழுங்காதீர்கள். வயிறும் சிறுநீரகமும் கெடும்.

வீடு தேடி வந்து வைத்தியம் செய்யும் "மக்களைத் தேடி மருத்துவம்" 2021-ல் பக்கத்துக் கிருஷ்ணகிரி ஜில்லாவிலேதான் துவங்கிற்று. நோயாளியின் கை கால்களுக்கு இயன்முறைப் பயிற்சி கொடுப்பதும் அத்திட்டத்தில் சேர்ந்ததே. அதைத் தயவாகக் கேட்கவேண்டாம், உரிமையாகக் கேளுங்கள்.

தாயத்துக்கும் பரிகாரத்துக்கும் செலவிடும் காசு உங்கள் முதுகை நிமிர்த்தாது. வலிக்கிறது என்று சொல்லுவது வெட்கமல்ல. ஏன் வலிக்கிறது என்று கேட்பது பாவமுமல்ல. கேட்பதே பகுத்தறிவு, கேட்பதே சுயமரியாதை என்று கூறி முடித்துக்கொள்கிறேன்.